எண்ணெய்க்கு அடியில்

குடகு மலையில் ஆண்டுதோறும் செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போள்து என்றொரு திருநாள் வருகிறது. கைல் என்றால் ஆயுதம், போள்து என்றால் திருநாள். நாற்று நடவு மும்முரமாக நடக்கும் மழை மாதங்களில் வேட்டைக்கு வேலையில்லை என்பதால், வீட்டுத் துப்பாக்கிகளைப் பூசையறையில் ஒப்படைத்துவிடுவது குடவர்களின் பழைய வழக்கம். நடவு முடிந்ததும் அவற்றை வெளியே எடுத்துத் துடைத்து, பூச்சூட்டி வணங்குவார்கள். சூட்டுகிற பூ நம்முடைய செங்காந்தள்தான். குடவர் மொழியில் அதற்குத் தோக்பூ, அதாவது துப்பாக்கிப்பூ என்றே பெயர். இரும்பின் கண்ணோடு பார்த்தால் இந்த வழக்கத்தில் ஒரு சிக்கல் இருப்பது தெரியும். மடிக்கேரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கும் மாதங்களில்தான் துப்பாக்கி கை படாமல் கிடக்கிறது. அடிக்கடி எடுத்தாளும் துப்பாக்கியில் ஒரு செம்புள்ளி தோன்றினால் மறுநாளே கண்ணில் பட்டுவிடும். கிடப்பில் உள்ளதில் அது மூன்று மாதம் யாரும் பார்க்காமல் வளரும். குடகுக்கு மட்டுமான சங்கடமும் அல்ல இது. தேர்தல் அறிவித்தவுடன் உரிமம் பெற்றவர்கள் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் துப்பாக்கிகள், அருங்காட்சியகங்களின் பின்னறையில் உள்ளவை, படைக்கலக் கிடங்குகளில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பவை எல்லாமே இதே நிலையில்தான் இருக்கின்றன.

கிடப்பில் போடும் இரும்புக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் விடை எண்ணெய். நன்றாகப் பூசு, தாராளமாகப் பூசு, கவலையில்லாமல் இரு என்பார்கள். இந்த விடை தவறில்லை, ஆனால் வரிசை தவறு. துருவைத் தடுப்பதில் முதலிடம் உப்பை நீக்குவதற்கு, இரண்டாமிடம் காற்றை உலர்த்துவதற்கு. எண்ணெய் மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் எத்தனை தடவை செய்தாலும் இரும்பு பிழைக்காது. இதை நான் வெறும் கருத்தாகச் சொல்லவில்லை. கடந்த நூறு ஆண்டுகளில் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு தேவைக்காக நடந்த ஆய்வுகளும் அனுபவங்களும் இந்த வரிசையையே காட்டுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கிக்காரர்களைக் குழப்பிய ஒரு புதிரிலிருந்து தொடங்கலாம். அதுவரை உலகமெங்கும் கரிமருந்துதான் பயன்பட்டது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த அந்த மருந்து சுட்டபின் குழல் முழுக்கக் கறுப்பும் சாம்பலுமாக அப்பிக்கொள்ளும். அந்தக் கசடு நீரில் கரையும் என்பதால், சிப்பாயும் வேட்டைக்காரனும் வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் தடவினார்கள். 1880களில் புகையில்லா மருந்து வந்தது. சுட்டபின் குழலுக்குள் பார்த்தால் கண்ணாடிபோல இருந்தது. இத்தனை சுத்தமான குழலைக் கழுவுவானேன் என்று வெந்நீரைக் கைவிட்டார்கள். எண்ணெய்த் துணியை ஒருமுறை உள்ளே விட்டு எடுத்துவிட்டு ஓரமாக வைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் பளபளத்த அந்தக் குழலுக்குள் துரு. அழுக்கான குழல் பிழைத்தது, சுத்தமான குழல் கெட்டது. வெடிப்பின் அழுத்தத்தில் அமில வாயுக்கள் எஃகின் நுண்துளைகளுக்குள் ஏறிவிடுகின்றன, பிறகு நாள்கணக்கில் வியர்வைபோலக் கசிந்து வெளியே வருகின்றன என்று அன்று பலரும் நம்பினார்கள். அதனால் சுட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் குழலைத் துடைக்கவேண்டும் என்று கைநூல்கள் அறிவுறுத்தின.

இந்த வியர்வைக் கதைக்கு முடிவு கட்டியவர் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப். எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் நிகழும் அரிப்பு என்பதையே பொருளாகக் கொண்ட அவருடைய அறிக்கை 1922இல் வெளிவந்தது. மருந்து குற்றவாளி அல்ல என்று அவர் காட்டினார். குற்றம், தோட்டாவின் அடியில் இருந்துகொண்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு கேப்பிடம் இருந்தது. அன்றைய கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் சேர்த்திருந்தார்கள். அது வெடிக்கும்போது ஆக்சிஜனை இழந்து பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. சமையல் உப்புக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க இந்த உப்பு, கண்ணுக்குத் தெரியாத தூளாகக் குழலின் உட்சுவரில் படிகிறது. எண்ணெயில் உப்பு கரையாது. ஆகவே எண்ணெய்த் துணியால் துடைப்பவர் உப்பை அகற்றுவதில்லை, அதன்மேல் ஒரு போர்வையை இழுத்து மூடிவைக்கிறார். கரிமருந்துக் காலத்தில் கசடைக் கழுவிய வெந்நீர் யாரும் அறியாமலே இந்த உப்பையும் சேர்த்துக் கழுவிக்கொண்டிருந்தது. அமில வாயு எதுவும் எஃகுக்குள் புகவில்லை, வியர்வையாக வெளியே வரவுமில்லை. குழலை வறண்ட காற்றில் வைத்தால் உப்பு இருந்தும் துரு வருவதில்லை. ஈரக் காற்றில் வைத்தால் எண்ணெய் இருந்தும் வருகிறது. ஹஃப் சொன்னதன் சாரம் இதுதான்.

எண்ணெய்க்கு அடியில் எப்படித் துரு வரும் என்று ஐயம் எழலாம். எண்ணெய் நீரை விலக்கும் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆனால் விலக்குவது வேறு, முற்றாக மறிப்பது வேறு. கனிம எண்ணெயில் நீராவி மிகச் சிறிதளவு கரையும். ஆக்சிஜனோ நீரில் கரைவதைவிட எண்ணெயில் அதிகமாகவே கரைகிறது. மெல்லிய எண்ணெய்ப் படலம் இவை இரண்டுக்கும் ஒரு வேலிதான், மதில் அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் ஈரத்துக்காகக் காத்திருக்கும் ஓர் உப்புத்துகள் இருந்தால், கடந்துவரும் நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சேர்த்துத் தனக்கென ஒரு நுண்துளி அமைத்துக்கொள்ளும். அந்தத் துளிக்குள் நடப்பதைக் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் 1920களில் அழகான ஒரு சோதனையால் காட்டினார். மெருகேற்றிய இரும்புத் தகட்டில் உப்புநீர்த் துளி ஒன்றை வைத்து, நிறங்காட்டிகளைச் சேர்த்துப் பார்த்தார். துளியின் நடுப்பகுதி நீலமாயிற்று. அங்கே இரும்பு கரைகிறது. விளிம்பு இளஞ்சிவப்பாயிற்று, அங்கே காற்றிலிருந்து வரும் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு காரமாக மாறுகிறது. ஒரே துளிக்குள் நேர்முனையும் எதிர்முனையும் அமைந்துவிடுகின்றன. நாம் பேட்டரி என்று சொல்வதும் இதுவும் அடிப்படையில் ஒன்றே. துளியின் நடுவில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால்தான் அங்கே இரும்பு கரைகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். மூடிவைத்தால் ஆக்சிஜன் போகாது, எனவே துரு வராது என்று நினைத்துப் பூசும் போர்வைக்கு அடியில் இந்தச் சமனின்மை தொடரவே செய்கிறது. உப்பின்மேல் எண்ணெய் தடவி வைத்த துப்பாக்கியில் துரு மேற்பரப்பெங்கும் சீராகப் பரவாமல் ஊசி குத்தியதுபோலக் குழிகுழியாக இறங்குவதும் இதனால்தான். பரவலான துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம், குழியை எடுக்க வழியில்லை.

கேப்பிலிருந்து வரும் குளோரைடு பழைய கதை, இன்றைய தோட்டாக்களில் அந்தக் குளோரேட் இல்லையே என்று ஒருவர் மறுக்கலாம். பெரும்பாலான புதிய தோட்டாக்களுக்கு அது உண்மைதான். சோவியத் வழிவந்த பழைய இராணுவக் கையிருப்புத் தோட்டாக்களில் இன்றும் அது உண்டு என்பது ஒருபுறம் இருக்க, உப்புக்கு இன்னும் இரண்டு வாசல்கள் திறந்தே இருக்கின்றன. ஒன்று, மனிதக் கை. பெட்டியில் வைப்பதற்குமுன் கடைசியாகத் தொட்ட விரலின் வியர்வையில் சோடியம் குளோரைடு இருக்கிறது. மூன்று மாதம் கழித்து அந்த விரலின் ரேகை துருவாலேயே எழுதப்பட்டிருக்கும். மற்றொன்று, கடல். கரையோரக் காற்று சுமந்துவரும் உப்பு வெறும் சோடியம் குளோரைடு அல்ல, அதில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. தூய சோடியம் குளோரைடு நீர்த்துப்போகக் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டவேண்டும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். மழைக்காலத்தில் அடுப்பங்கரை ஜாடியில் கல்லுப்பு கசிந்து நிற்பதும் பொட்டலத் தூளுப்பு அவ்வளவு கசியாததும் நம் வீடுகளில் எல்லாரும் கண்டது. கல்லுப்பில் ஒட்டியிருக்கும் அந்த மக்னீசியமே அங்கே நீரை இழுக்கிறது. துப்பாக்கியின்மேல் படியும் கடற்காற்றும் அதைத்தான் செய்கிறது. ஆகவே நீண்டநாள் வைப்புக்குமுன் செய்யவேண்டிய முதல் வேலை, எண்ணெயை நம்புபவர்களுக்குப் பிடிக்காத வேலை: நீர். குழலையும் மருந்துப்புகை பட்ட உறுப்புகளையும் வெந்நீரால் கழுவவேண்டும். வெந்நீர் என்பதற்குக் காரணம் உண்டு. உப்பு விரைவாகக் கரையும், சூடேறிய எஃகு தன் வெப்பத்தாலேயே தன்னை உலர்த்திக்கொள்ளும். அதன்பிறகு துப்பாக்கியைத் தொடும் கையில் உறை இருக்கவேண்டும்.

உப்பு போயிற்று. அடுத்தது காற்று. இதில் அடிப்படையான வேலையைச் செய்தவர் இங்கிலாந்தின் டபிள்யூ. எச். ஜே. வெர்னன். 1920களிலும் 30களிலும் அவர் நடத்திய சோதனைகளில், ஈரப்பதம் மெல்ல ஏற ஏறத் துருவும் மெல்ல ஏறவில்லை. ஏறத்தாழ 60 விழுக்காடு வரை இரும்பு பெரிதாக மாறாமல் இருந்தது, அந்த எல்லையைத் தாண்டியதும் துரு திடீரென்று பாய்ந்தது. அறைக் காற்றின் தூசியையும் அவர் சந்தேகித்தார். இரும்புத் துண்டு ஒன்றை மெல்லிய மஸ்லின் துணிக் கூண்டுக்குள் தொங்கவிட்டார்; காற்றும் ஈரமும் தாராளமாக உள்ளே போய்வரும், தூசி மட்டும் துணியில் தங்கிவிடும். வெளியே தொங்கிய துண்டு துருப்பிடித்தது, கூண்டுக்குள் இருந்தது பளபளப்பு மாறாமல் இருந்தது. இந்த ஒரு முழத் துணிக்கு அறிவியல் வரலாற்றில் கிடைக்கவேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஈரம் தனியாகக் கொல்வதில்லை, ஈரத்தைப் பிடித்து நிறுத்தும் துகள் ஒன்று துணைக்கு வேண்டும் என்பதை அது செலவில்லாமல் காட்டிவிட்டது.

வெர்னனின் எல்லையை மிகப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது அமெரிக்கக் கடற்படை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நூற்றுக்கணக்கான போர்க்கப்பல்களை அழிக்காமலும் ஓட்டாமலும் வைத்திருக்கவேண்டிய நிலை வந்தது. முந்தைய காலத்து முறைப்படி ஒவ்வோர் இயந்திரத்துக்கும் கிரீஸ் அப்புவதென்றால் பூசுவதற்கே பெரும்படை வேண்டும், துடைத்தெடுக்க அதைவிடப் பெரும்படை வேண்டும். கப்பலின் உட்புறத்தை இறுக மூடி, உள்ளே இருக்கும் காற்றை உலர்த்தும் இயந்திரங்களால் ஈரப்பதத்தை 30 விழுக்காட்டுக்கு அருகில் நிறுத்தினார்கள். மேல்தளத்தில் இருந்த சிறு பீரங்கிகளைத் தனித்தனிக் கூடுகளுக்குள் அடைத்து அவற்றுக்குள்ளும் உலர்காற்றை அனுப்பினார்கள். அயோவா என்ற பெரும்போர்க்கப்பல் 1958இல் இப்படி ஓய்வுக்குப் போய் 1984இல் மீண்டும் படையில் சேர்ந்தது. புதுப்பிக்கும் வேலை ஏராளமாக நடந்தது உண்மை. என்றாலும் 26 ஆண்டுகள் ஓய்வில் மிதந்த கப்பலின் 16 அங்குலப் பீரங்கிகள் மறுபடியும் சுட்டன. இதற்கு எதிர்முனையில் பிரிஸ்டல் நகரத்தின் கிரேட் பிரிட்டன் கப்பல் இருக்கிறது. 1843இல் மிதக்கவிட்ட அந்த இரும்புக் கப்பலின் உடலுக்குள் நூற்றாண்டுக்கும் மேலான குளோரைடு ஊறிப்போய்விட்டது. கழுவி எடுக்க வழியில்லை. குளோரைடு இரும்போடு சேர்ந்து உருவாக்கும் சேர்மங்கள் இருக்கும்போது எவ்வளவு ஈரத்தில் துரு நிற்கும் என்று ஆராய்ந்தவர்கள் 20 விழுக்காடு என்ற கடுமையான எண்ணுக்கு வந்தார்கள். 2005 முதல் கப்பலின் அடிப்பாகம் அந்த வறட்சியில் பராமரிக்கப்படுகிறது. உப்பற்ற இரும்புக்கு 60, உப்பேறிய இரும்புக்கு 20. உப்பைக் கழுவாமல் விட்டவர் காற்றுக்குக் கொடுக்கவேண்டிய விலை இந்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரம்தான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பைச் சந்திக்கவேண்டும். இரண்டாம் உலகப்போர் காலத்து மோசின்–நாகான்ட் துப்பாக்கிகள் ஆயிரமாயிரமாகச் சோவியத் கிடங்குகளில் கிரீஸில் தோய்த்து அடுக்கப்பட்டு, அரை நூற்றாண்டுக்குப்பின் பெட்டி திறந்தபோது புதிதுபோல வெளிவந்தன. அமெரிக்கப் படை காஸ்மோலின் என்ற மெழுகுக் கிரீஸால் அதையே சாதித்தது. அப்படியானால் பூச்சு ஒன்றே போதும் அல்லவா? இந்தச் சான்றை நான் மதிக்கிறேன், ஆனால் அது சொல்வது வேறு. அந்தத் துப்பாக்கிகள் கிரீஸுக்குள் போகும்முன் படைக்கலச் சாலையில் முறையாகக் கழுவிப் புதுப்பிக்கப்பட்டவை. அடியில் உப்பு இல்லை. பூசியதும் மெல்லிய எண்ணெய் அல்ல, சூடாக்கித் தோய்த்த கனத்த பொருள். அது வழிந்தோடாது, ஆவியாகாது, ஈரம் கடந்துவர நெடுங்காலம் எடுக்கும். வீட்டில் தடவும் மெஷின் ஆயில் சில வாரங்களில் புவியீர்ப்புக்குப் பணிந்து கீழே இறங்கிவிடுகிறது. குழலை மேல்நோக்கி நிறுத்தியிருந்தால் அது பின்கட்டையின் மரத்துக்குள் ஊறி மரத்தையும் கெடுக்கிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் கைக்கு எட்டும் தேங்காயெண்ணெய் இன்னும் மோசம். அது நாளாக ஆகச் சிக்கடித்து, இரும்பைத் தின்னும் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது. துருத்தடுப்புக்கென்றே செய்த எண்ணெய்களில் சல்ஃபோனேட் போன்ற சேர்மங்கள் உண்டு. அவற்றின் ஒரு முனை இரும்பைப் பற்றிக்கொள்ளும், மறுமுனை நீரைத் தள்ளும். பூசத்தான் வேண்டும் என்றால் இவற்றைப் பூசலாம். குழலின் கருநீல மெருகைப் பூச்சாகக் கருதி நம்புவதும் பிழை. அது மிக மெல்லிய, நுண்துளைகள் நிறைந்த இரும்பு ஆக்சைடுதான். எண்ணெயைத் தாங்கிப் பிடிக்குமே தவிரத் தனியே காக்காது.

இன்னொரு மறுப்பு தஞ்சாவூரிலிருந்து வருகிறது. கீழை அலங்கத்தில், பீரங்கி மேட்டின்மேல் இருக்கும் நாயக்கர் காலத்து இராஜகோபால பீரங்கி ஏறத்தாழ 22 டன் எடையுள்ள அடித்திணைத்த இரும்பு. இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, மேலே வளையங்களைக் காய்ச்சி இறுக்கிச் செய்தது. சுமார் நானூறு ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. யாரும் உலர்காற்று ஊட்டவில்லை, ஈரம் அத்தனை கொடியது என்றால் அது எப்போதோ மண்ணாகியிருக்கவேண்டாமா? கரியால் உருக்கிய பழைய இரும்பின் இயல்பும் மெல்ல உறுதிப்பட்ட மேற்படலமும் அதற்கு உதவியிருக்கின்றன, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் இதுபோன்ற பழைய இந்திய இரும்புகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆனால் என் முதன்மையான விடை வெறும் கணக்குதான். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இரும்பு கரைகிறது என்று வைத்துக்கொள்வோம். நானூறு ஆண்டில் நான்கு மில்லிமீட்டர். ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் கனமுள்ள பீரங்கிச் சுவருக்கு அது தோல் உரிந்ததுபோல. சாதாரண ரைபிள் குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் வரிகளின் ஆழமோ பத்தில் ஒரு மில்லிமீட்டர். அதே வேகத்தில் பத்தே ஆண்டில் அந்த வரிகள் அழிந்துவிடும். பீரங்கி நிற்கிறது என்பது துரு நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது.

கடைசி மறுப்பு, நடைமுறை சார்ந்தது: குடகிலோ கன்னியாகுமரியிலோ காற்றை உலர்த்துவது ஆகிற காரியமா? ஊர்க் காற்றை உலர்த்தச் சொல்லவில்லை, ஒரு பெட்டியின் காற்றை மட்டுமே. 30 பாகை வெப்பத்தில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கிறது. அதை 40 விழுக்காட்டுக்கு இறக்க 12 கிராம் நீரை எடுத்தால் போதும். அந்த ஈரப்பதத்தில் சிலிகா ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் 60 கிராம் ஜெல் போதுமானது. துப்பாக்கிப் பெட்டி ஒரு கன மீட்டரில் பாதிகூட இராது. எனவே ஜெல்லின் அளவு பெரிய சிக்கலே இல்லை. கதவின் இடுக்குதான் சிக்கல். இறுக மூடாத பீரோவுக்குள் ஒரு கிலோ ஜெல் போட்டாலும் அது ஊரின் மழையைக் குடித்துக்கொண்டிருக்கும். ரப்பர் விளிம்பு வைத்த பெட்டியோ, வெப்பத்தால் ஒட்டி மூடிய கனத்த பிளாஸ்டிக் உறையோ, நிறம் மாறிக் காட்டும் ஜெல்லோடு இருந்தால் போதும். நிறம் மாறியதும் எடுத்து 120 பாகை அளவில் சூடாக்கினால் மறுபடியும் பழைய நிலைக்கு வரும். மின்சாரம் நிற்காத இடத்தில் இன்னும் எளிய வழி, பெட்டிக்குள் ஒரு சிறு சூடேற்றுத் தண்டு. வெளிக்காற்று 30 பாகையில் 80 விழுக்காடாக இருக்கும்போது பெட்டிக்குள் 35 பாகை இருந்தால் அதே காற்றின் ஈரப்பதம் 60க்கு இறங்கிவிடும்; ஒரு சொட்டு நீரைக்கூட வெளியேற்றாமல் வெர்னனின் எல்லைக்கு வந்துவிடுகிறோம். தோலுறையும் பஞ்சு மெத்தையும் இதற்கு நேர்எதிரான வேலையைச் செய்பவை. ஈரத்தைச் சேர்த்துவைத்து இரும்போடு ஒட்டவைக்கும். தோலில் பதனிடும்போது சேர்ந்த உப்புகளும் அமிலங்களும் வேறு இருக்கும். துப்பாக்கியைக் கொண்டுபோகத்தான் தோலுறை, போட்டுவைக்க அல்ல.

உலர்த்துவதிலும் அளவு உண்டு. கப்பலுக்குச் சரியான 20 விழுக்காடு, மரக்கட்டை பொருத்திய துப்பாக்கிக்கு ஆகாது. மரம் சுற்றுக்காற்றுக்கு ஏற்பத் தன் நீரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். மிகவும் வறண்டால் சுருங்கும், எஃகோடு இறுகப் பொருந்திய இடங்களில் பிளக்கும். எனவே 40க்கும் 50க்கும் இடையே நிறுத்துவதே எனக்குச் சரியெனப் படுகிறது. உப்பைக் கழுவிய இரும்புக்கு அந்த அளவு போதும், மரத்துக்கும் அது தாங்கும். வெளியே எடுக்கும் நாளிலும் ஓர் ஆபத்து உண்டு. குளிரூட்டிய அறையில் 22 பாகையில் இருந்த எஃகை, 30 பாகையும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள முற்றத்துக்குக் கொண்டுவந்தால், 26 பாகைக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் வியர்க்கும் என்பதால், மாதக்கணக்கில் காத்த குழல் நிமிடங்களில் நனைந்துவிடும். உறையைப் பிரிக்காமலே எஃகு ஊர் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும்.

கைல்போள்து அன்று பூசை முடிந்ததும் உயரத்தில் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடுவது குடவர் வழக்கம். கரிமருந்து இட்டுச் சுடும் பழைய துப்பாக்கியானால் அந்த ஒரு சுடுதலே குழலுக்குள் பொட்டாசிய உப்புகளைப் படியவிட்டுவிடும். செப்டம்பரில் மலையில் மழை முற்றும் ஓய்ந்திருக்காது. அன்று மாலையே அடுப்பில் வெந்நீர் வைக்கவேண்டும்.